வெட்டி எடுத்த நாலு நிமிடம்

"ரெண்டு நிமிசத்த வெட்டிட்டு ஏத்துனா யாருக்குங்க அக்கா தெரியப் போகுது?" என்று போன வாரம் வித்யா போனில் கேட்டாள். நான் ஓய்வு பெற்ற ஊராட்சியில் இப்போது அவள்தான் செயலாளர். கிராமசபைக் கூட்டத்தை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரைக்கும் படம் பிடித்து, அப்படியே இணையத்தில் ஏற்ற வேண்டும், வெட்டவோ ஒட்டவோ கூடாது என்று இப்போது கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அவள் நடத்திய கூட்டத்தில் யாரோ கோபத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டாராம்.

"வெட்டாத கண்ணு" என்றேன்.

"ஏனுங்க அக்கா?"

போனில் சொல்ல வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாமகிரிப்பேட்டைப் பக்கத்தில் ஒரு சின்ன ஊராட்சி. அங்கே நான் எழுத்தராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. பிறகு பதவிக்குப் பெயர் செயலாளர் என்று மாறியது. ஊருக்கு மட்டும் கடைசிவரை நான் கிளார்க்கம்மாதான். எனக்கு முன்னால் இருந்தவர் பொறுப்பை ஒப்படைத்தபோது, வீட்டு வரி, தண்ணீர் வரி, பிறப்பு இறப்பு எல்லாவற்றையும் ஒரு மதியத்துக்குள் சொல்லி முடித்துவிட்டார். தீர்மானப் புத்தகத்துக்கு மட்டும் தனியாக அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். "கூட்டத்துல ஆயிரம் பேசுவாங்கம்மா. பேசுனத எழுதாத. முடிவ எழுது" என்றார். அன்றைக்கு அது எனக்கு வேலையை மிச்சப்படுத்தும் நல்ல யோசனையாகத்தான் பட்டது.

அப்படியே எழுதினேன். ஒரு மணி நேரம் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை நடந்திருக்கும். புத்தகத்தில், "மேற்படி பொருள் குறித்து விவாதிக்கப்பட்டது. மன்றம் ஏகமனதாக அங்கீகரித்தது" என்று இருக்கும். ஒரு கிழவர் எழுந்து நின்று அழுதிருப்பார். "பொதுமக்கள் சிலர் கருத்து தெரிவித்தனர்" என்று இருக்கும். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஒன்றிய அலுவலகத்தில் எனக்குப் பெயர். தணிக்கைக்கு வந்தவர்கள்கூட ஒரு வரியைக் குறை சொன்னதில்லை.

கடைசியாக என்னோடு இருந்த தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் எனக்கு நாக்கு கூசும். நல்ல நிலபுலம் உள்ள விவசாயக் குடும்பம். பத்து வருடம் என் தலைவராக இருந்தார். ஒரு தடவை குரலை உயர்த்திக் கேட்டதில்லை. பெரியவர், சின்னவர், ஆண், பெண் யாராக இருந்தாலும் "சாமி" என்றுதான் கூப்பிடுவார். அலுவலகத்துக்குள் நுழையும்போதே, "டீ குடிச்சயா சாமி?" என்பார். ஏதாவது கூடாது என்றால் 'செய்யாதே' என்று சொல்ல மாட்டார். "இது வேணுமா சாமி?" என்று கேட்பார். அவ்வளவுதான். அதைச் செய்யக் கூடாது என்று நமக்கே புரிந்துவிடும். என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு அடைத்தபோது தன் காரை எடுத்து, டிரைவரை எழுப்பக்கூட நேரமில்லாமல் அவரே ஓட்டிக்கொண்டு சேலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். அதற்குப் பிறகு அவர் 'வேணுமா சாமி' என்று கேட்ட எதற்கும் நான் 'வேணும்' என்று சொன்னதில்லை.

கிராமசபையைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றச் சொல்லி முதலில் உத்தரவு வந்தது அவர் காலத்தில்தான். அலுவலகத்துக்கு என்று ஒரு கைப்பேசி, மூன்று கால் ஸ்டாண்டு. வேலை இப்படி: சமுதாயக் கூடத்தில் பேனரைக் கட்டி, அதற்கு எதிரில் ஸ்டாண்டை வைத்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க ஆரம்பிக்கும்போதே பதிவைப் போட்டுவிட வேண்டும். நான் கூட்டப் பொருளை ஒவ்வொன்றாகப் படிப்பேன். தலைவர் கேட்பார், ஜனங்கள் சொல்வார்கள். ஒன்றியத்திலிருந்து பற்றாளர் என்று ஒரு அலுவலர் மேற்பார்வைக்கு வருவார். ஆனால் அவருக்கு ஒரே நாளில் இரண்டு மூன்று ஊர். போட்டோவுக்கு நின்றுவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். கூட்டம் முடிந்ததும் படத்தைக் கைப்பேசியிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றி, அங்கிருந்து ஏற்ற வேண்டும். எங்கள் ஊர் நெட்டுக்கு ஒன்றரை மணி நேரப் படம் ஏறவே ஏறாது. அதனால் முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் கத்தரித்து, அளவைக் குறைத்து ஏற்றுவது பழக்கமாகிவிட்டது. நாற்காலி இழுக்கும் சத்தம், மிட்டாய் கொடுப்பது, இதையெல்லாம் எடுத்துவிடுவேன். ஒன்றியத்தில் "ஏத்தியாச்சா?" என்று மட்டும் கேட்பார்கள். யாரும் திறந்து பார்த்ததாக எனக்குத் தெரியாது.

ஒரு வருடம் சுதந்திர தினக் கூட்டத்தில்தான் செங்கோடன் பேசினார்.

செங்கோடன் லாரி டிரைவர். வடக்கே போனால் திரும்பிவர இருபது இருபத்தைந்து நாளாகும். கிராமசபைக்கு அதற்கு முன் அவர் வந்து நான் பார்த்ததில்லை. இரண்டாவது வரிசையில், துண்டை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை பேசாமல் உட்கார்ந்திருந்தார். நான் கடைசியாகக் குடிநீர் பற்றிய பொருளைப் படித்து, "எல்லாத் தெருவுக்கும் சீராக வழங்கப்படுகிறது" என்று முடித்ததும் கையைத் தூக்கினார். எழுந்தார். பேசத் தெரியாத ஆள் பேசுவது போலத்தான் ஆரம்பித்தார்.

"தலைவருங்களே, நான் லாரிக்காரன். மாசத்துல நாலு நாளு ஊட்டுல இருந்தா அதிகமுங்க. அந்த நாலு நாளும் நடுச்சாமத்துல முழிப்பு வந்து பாத்தா, பக்கத்துல ஆளு இருக்காது. குழாயடியில போய் உக்காந்திருப்பா. தண்ணி எப்ப வருமுன்னு யாருக்குங்க தெரியும்? முப்பது வருசமா நான் ரோட்டுல முழிச்சுக்கிட்டுக் கெடக்கறேன், அவ குழாயடியில முழிச்சுக்கிட்டுக் கெடக்கறா. நான் முழிச்சதுக்குச் சம்பளமாச்சும் கெடச்சுதுங்க. அவ முழிச்சதுக்கு என்னங்க கெடச்சுது?"

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"எங்க தெருவுக்குத் தண்ணி ஏன் வரலீன்னு எல்லாத்துக்கும் தெரியும், ஆரும் சொல்ல மாட்டேங்கறாங்க. மெயின் லைன்ல இருந்தே உங்க தம்பி கோழிப்பண்ணைக்குக் குழாய் போகுதுங்க. நேத்து நானே போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன். கோழி பட்டப்பகல்ல குடிக்குது. எங்கூட்டுல இருக்கறவ ராத்திரியெல்லாம் கொடத்தோட காத்துக் கெடக்கறா. ஒரு நாளாச்சும் அவ நிம்மதியாத் தூங்கி நான் பாக்கோணுமுங்க. அத்தன நாளும் நான் ஊட்டுல இல்லாமப் போயிட்டேன். அது என்ற தப்பு. தண்ணி வராதது என்ற தப்பு இல்லீங்களே?"

அவர் முகம் சிவந்துவிட்டது. உட்கார்ந்து துண்டால் துடைத்துக்கொண்டார். தலைவர் புன்னகை மாறாமல், "பாக்கலாமுங்க, விசாரிச்சுச் செய்யலாம்" என்றார். நன்றி சொல்லிக் கூட்டம் முடிந்தது.

சாயங்காலம் பொழுதோட தலைவர் அலுவலகத்துக்கு வந்தார். டீ வந்தது. நான் கம்ப்யூட்டரில் படத்தை ஓடவிட்டிருந்தேன். என் பின்னால் நின்று செங்கோடன் பேசியதை முழுதாகப் பார்த்தார். கோபப்படவே இல்லை. "பாவம், நல்ல மனுசன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தம்பி பேரு நெட்டுல வந்தா எங்க அப்பாவுக்குத் தாங்காது. இந்தக் கடைசிப் பேச்சு வேணுமா சாமி?" என்றார்.

"படமும் பெருசா இருக்குதுங்க, ஏற மாட்டேங்குது" என்றேன். அவர் கேட்காமலேயே அவருக்கு நான் கொடுத்த காரணம் அது.

எங்கே வெட்டுவது என்று பார்ப்பதற்காக அந்தப் பேச்சைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஏழெட்டுத் தடவை இருக்கும். அவர் கை தூக்கும் இடத்தில் ஒரு வெட்டு, உட்கார்ந்து முகத்தைத் துடைக்கும் இடத்தில் ஒரு வெட்டு. நடுவில் நாலு நிமிடம். எடுத்துவிட்டு ஒட்டினேன், ஏற்றினேன். தீர்மானப் புத்தகத்தில், "குடிநீர் வழங்கல் குறித்து விவாதிக்கப்பட்டது" என்று எழுதினேன். அடுத்த கூட்டத்துக்கு இடம் வேண்டும் என்று கைப்பேசியில் இருந்ததை எப்போதும் போல அழித்தேன். கம்ப்யூட்டரிலும் மூலப் படத்தை அழித்தேன். எனக்கு எதுவும் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சமைத்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். பண்ணைக்குப் போன குழாய் அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அப்படியே இருந்தது. வேறு தலைவர் வந்துதான் அதை எடுத்தார்கள்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், வடக்கே லோடு இறக்கப் போன இடத்தில், ஓரமாக லாரியை நிறுத்திவிட்டுப் படுத்த செங்கோடன் எழுந்திருக்கவில்லை. உடம்பு ஊர் வந்துசேர மூன்று நாளாகியது. முகத்தைத் திறந்து காட்ட முடியாத நிலையில் கொண்டுவந்தார்கள் என்று சொன்னார்கள். இறப்புச் சான்றுக்கான வேலையெல்லாம் அங்கேயே நடந்துவிட்டதால் எனக்கு அதில் எழுத்து வேலை இல்லை.

கருமாதி முடிந்து பத்து நாள் இருக்கும். அவர் மனைவி பாவாயி அலுவலகத்துக்கு வந்தார். ஜவ்வரிசி மில்லில் கிழங்கு தோல் உரிக்கிற வேலைக்குப் போகிறவர். மெலிந்த உடம்பு. வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க, உக்காருங்க" என்றேன்.

"பரவால்லீங்க கிளார்க்கம்மா. ஒரு சங்கதி கேக்கோணுமுன்னு வந்தேன். சுதந்திர தினத்தன்னைக்கு அவரு கூட்டத்துல பேசுனாராமுங்க. அன்னைக்குன்னு பாத்து எங்க தெருவுல தண்ணி வந்துருச்சு, நான் குழாயடிய உட்டு வரல. என்னயப் பத்தி ஏதோ பேசுனாருன்னு கருமாதிக்கு வந்தவங்க சொல்றாங்க. என்ன பேசுனாருன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

நான் கையிலிருந்த பதிவேட்டை மூடி வைத்தேன்.

"புள்ள அவ போன்ல அந்தப் படத்தத் தேடி எடுத்துக் காட்டுனாளுங்க. அவரு கையத் தூக்கறாரு. தூக்குனதும் பாத்தா உக்காந்து மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டிருக்காரு. நடுவால பேசுனது எங்கீங்க போச்சு?"

அப்படிக் கேட்டபோது அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. வீட்டில் ஒரு சாமான் கைதவறி எங்கோ போய்விட்டது போலக் கேட்டார்.

"போன் நடுவுல நின்னு போச்சுங்க" என்றேன். "இருந்தாலும் தேடிப் பாக்கறேன்."

"பாருங்க சாமி. அவரு போட்டோ ஊட்டுல நெறைய இருக்குதுங்க. புள்ள கல்யாண வீடியோவுலகூட இருக்காரு. ஆனா அதுல பூராவும் பாட்டுத்தானுங்க ஓடுது. அவரு வெச்சிருந்ததும் பட்டன் போனு. பேசுன குரலு எங்கயும் இல்லீங்க" என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் கைப்பேசியையும், கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஹார்டு டிஸ்கையும் பையில் போட்டுக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினேன். ஃபேர்லேண்ட்ஸில் அழிந்துபோனதை மீட்டுக் கொடுக்கும் கடை ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். கடைக்காரர் இரண்டையும் வாங்கிக்கொண்டு, "கல்யாண வீடியோங்களா அம்மா?" என்றார்.

"இல்லீங்க. கிராமசபை."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கிராமசபைக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

மூன்று நாள் கழித்து வரச் சொன்னார். போனேன். பழைய காலத்து ஓட்டுச்சாவடிப் படம், ஏதோ ஒரு மரம் நடும் விழா, எனக்கே நினைவில்லாத கூட்டங்கள் எல்லாம் துண்டு துண்டாகக் கிடைத்திருந்தன. அது மட்டும் இல்லை. "அழிச்சாக்கூட எடுத்துரலாமுங்க அம்மா. அதே எடத்துல அதுக்கு மேல வேற படத்த ஏத்திட்டீங்க. இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

பாவாயி இரண்டாவது தடவை வந்தபோது, "இன்னும் தேடிக்கிட்டிருக்கறேனுங்க" என்றேன். தலைவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். அவர் வெளியே வந்து பாவாயியின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன ஒதவி வேணுமுன்னாலும் கேளு சாமி" என்றார். அந்தம்மா கும்பிட்டுவிட்டுப் போனார். தலைவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. டீயை முழுதாகக் குடிக்காமல் கிளம்பிப் போனார். அவருக்கும் அது உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். நாங்கள் இருவரும் அதைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொண்டதே இல்லை.

மூன்றாவது தடவை பாவாயி வந்தது ஒரு மதியம். அலுவலகத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். இந்தத் தடவை உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நான் வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ பேருக்கு 'நாளைக்கு வாங்க' என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு வாயில் வரவில்லை.

"இனித் தேட வேண்டாமுங்க. அது போன் நின்னு போனதில்லீங்க. நான்தான் வெட்டுனேன்" என்றேன்.

அவர் புரியாமல் பார்த்தார். பிறகு மெதுவாகப் புரிந்துகொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். தலைவர் பெயர் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. வெட்டிய கை என்னுடையது.

"அப்ப நீங்க கேட்டிருக்கறீங்க" என்றார்.

"ஏழெட்டுத் தடவ கேட்டேனுங்க."

"சொல்லுங்க."

சொன்னேன். அவர் ரோட்டில் முழித்ததையும் இவர் குழாயடியில் முழித்ததையும் சொன்னேன். சம்பளம் கிடைத்தது, கிடைக்காதது, கோழி பகலில் குடிப்பது எல்லாம் சொன்னேன். அவள் நிம்மதியாகத் தூங்கி ஒரு நாளாவது பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னதையும், ஊட்டுல இல்லாமல் போனது தன் தப்பு என்று சொன்னதையும் சொன்னேன். அவர் எந்த வார்த்தையில் நிறுத்தினார், எந்த இடத்தில் குரல் தடுமாறியது என்பதுகூட எனக்குத் தெரிந்திருந்தது. பாவாயி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு கேட்டார். கண்ணீர் தாரையாக ஓடியது. ஆனால் அந்த முகத்தில் ஒரு வெளிச்சமும் இருந்தது. அதை நான் இப்போதும் மறக்கவில்லை.

எல்லாம் சொல்லி முடித்தபிறகு, கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே ஒன்று கேட்டார்.

"எம்பேரச் சொன்னாருங்களா?"

சொல்லவில்லை. 'அவ' என்றார், 'எங்கூட்டுல இருக்கறவ' என்றார். பெயரைச் சொல்லவே இல்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று எப்படிச் சொல்வது? அந்தம்மாவிடமிருந்து நான் பறித்தது எவ்வளவு பெரியது! ஒரு சின்னதைச் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று தோன்றிவிட்டது.

"சொன்னாருங்க. பாவாயின்னு சொன்னாரு" என்றேன்.

அவர் முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது.

"இல்லீங்க" என்றார். "கல்யாணமான நாள்ல இருந்து அவரு எம்பேரச் சொன்னதே இல்லீங்க. ஆசுபத்திரியில எழுதறதுக்குக் கேட்டாக்கூட நீயே சொல்லுன்னுருவாரு. எங்கூட்டுல இருக்கறவன்னுதான் சொல்லுவாரு." பிறகு கேட்டார்: "மத்ததும் இப்பிடித்தானுங்களா?"

"ஐயோ, இல்லீங்க. நீங்க சொன்ன மாதிரியேதான், எங்கூட்டுல இருக்கறவன்னுதான் சொன்னாரு. அது ஒண்ணுதான் நான் சேத்துச் சொன்னது. மத்ததெல்லாம் அவரு பேசுனது. ஒரு வார்த்தகூட நானாச் சொன்னது இல்லீங்க. என்ற புள்ளைங்க மேல சத்தியமா."

நான் பதறிப் பதறிச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. முதலில் போன் நின்று போச்சு என்றேன். பிறகு தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். இப்போது பெயரைச் சொன்னார் என்றேன். இதற்குப் பிறகு நான் சொல்கிற எதை அந்தம்மா நம்புவார்? எதைக் காட்டி நான் நம்ப வைப்பேன்?

பாவாயி எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் கோபமே இல்லை.

"இருக்கலாமுங்க" என்றார். "இன்னைக்குப் பொழுதோட தண்ணி உடறாங்கன்னு சொன்னாங்க. வாரேனுங்க."